மாங்காயை முதலில் வெட்டியவர் யார்?

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. கொஞ்சம் கணக்கு வரும், கொஞ்சம் தறி வரும். கணக்குன்னா ஓடுறவங்க அந்த ஒரு பத்தியை மட்டும் தாண்டிப் போங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

2003ல் காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன டிடிபி கடையில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், நடுநடுவே புடவை டிசைன். ஐயம்பேட்டையிலிருந்து தினமும் சைக்கிள்தான். ஒருநாள் ஒரு மாங்காய் புட்டாவை கோரல்டிராவில் வரைஞ்சு, உள்ளே அரக்கு நிறம் ஊத்தி வெச்சிருந்தேன். பாதியை எடுத்து வேறு இடத்தில் வைக்கணும். புள்ளியைத் தொட்டு, கோட்டை வெட்டுற பட்டனை அழுத்தினேன். அவ்வளவுதான், நிறம் மொத்தமா காணாமப் போச்சு! மாங்காய் மட்டும் அப்படியே முழுசா நிக்குது. வெட்டின அடையாளமே இல்லை.

அரைநாள் முழிச்சப்புறம்தான் புரிஞ்சது. வெட்டின இடத்தில் ஒரு புள்ளி இரண்டாகி, ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்திருக்கு. கண்ணுக்கு ஒட்டித்தான் தெரியும். ஆனா மென்பொருள் கணக்கில் அது திறந்த கோடு. திறந்த கோட்டுக்குள் கோரல் தானா நிறம் நிரப்பாது. இங்க்ஸ்கேப்பில் நிறம் நிற்கும். அங்கே வெட்ட ஷிஃப்ட்-பி, சேர்க்க ஷிஃப்ட்-ஜே.

நிறம் போனதைக்கூட விடுங்க. வெட்டின பிறகும் வளைவு இம்மி கூட மாறலையே, அது எப்படி? நூலை வெட்டினா சுருளும், கம்பியை வெட்டினா நிமிரும். இது அசையவே இல்லையே? இந்தக் கேள்விதான் என்னை பிரான்ஸ் நாட்டு கார் கம்பெனிகள் வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

1958ல் சித்ரோயன் கம்பெனியில் பால் தெ காஸ்தெல்ஜோ என்ற இளம் கணிதக்காரர் சேர்ந்தார். கார் உடம்பின் வளைவுகளை எண்களாகச் சொல்ல வழி கண்டுபிடிக்கணும், அதுதான் வேலை. 1959லேயே வழியைக் கண்டுபிடிச்சு எழுதிட்டார். கேட்டா 'இவ்வளவுதானா'ன்னு இருக்கும். ஒரு வளைவுக்கு நாலு புள்ளி. அவற்றின் உயரம் 0, 8, 8, 0 என்று வைங்க. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவை எடுத்தால் 4, 8, 4. அதற்கும் நடு எடுத்தால் 6, 6. அதற்கும் எடுத்தால் 6. இந்தக் கடைசிப் புள்ளி வளைவின் மேலேயே உட்காரும். வெட்டு அங்கேதான். இடது துண்டுக்கு 0, 4, 6, 6. வலது துண்டுக்கு 6, 6, 4, 0. (உயரத்துக்குச் செய்த மாதிரியே அகலத்துக்கும் செய்யணும்.) இரண்டையும் தனித்தனியா வரைஞ்சு பாருங்க, பழைய வளைவேதான் வரும். வெறும் கூட்டலும் பாதியாக்குறதும்தான்! நடுவில்தான் வெட்டணும்னும் இல்லை, கால் பங்கில் வெட்ட கால் கால் பங்கா எடுத்துட்டுப் போனால் சரி.

ஆனா சித்ரோயன் இதை வெளியே விடலை, தொழில் ரகசியம். அதே வளைவுகளை 1960களில் ரெனோ கம்பெனியின் பியர் பெஸியே தன் வழியில் தனியாகவே கண்டுபிடிச்சு, வெளியேயும் எழுதினார். அதனால் இன்னிக்கும் அது பெஸியே வளைவு. அவர் திருடலை, அந்தப் பழி வேண்டாம். 1970களில்தான் வோல்ஃப்காங் போம் என்ற ஜெர்மன்காரர் மூலமா சித்ரோயன் அறிக்கைகள் வெளியே தெரிய வந்தது. வளைவு பெஸியே பேரிலேயே இருக்கட்டும், கணக்குப் போடுற முறைக்கு தெ காஸ்தெல்ஜோ பேர் என்று ஆச்சு. பெஸியே 1999ல் காலமானார், தெ காஸ்தெல்ஜோ 2022ல். 1984ல் போஸ்ட்ஸ்கிரிப்ட், 1987ல் இல்லஸ்ட்ரேட்டர், 1989ல் கோரல்டிரா, 2003ல் இங்க்ஸ்கேப்... எல்லாத்திலும் ஓடுறது இவங்க வளைவுதான்.

இதை எங்க பெரியப்பாகிட்ட சொன்னேன். கிராப் தாளில் டிசைன் போடுறவர் அவர். ஒரு கட்டம் ஒரு கொக்கி, ஒரு வரிசை ஒரு அட்டை. 240 கொக்கி ஜக்கார்டுன்னா குறுக்கே 240 கட்டம், அதுக்குள்ளதான் மாங்காய் வளையணும். அவர் கேட்டது ஒண்ணுதான்: "ஏன்டா, வெட்டுனது தெரியாம வெட்டணும், அதானே? நம்ம பிட்னி மாதிரி."

தெரியாதவங்களுக்கு: உடலும் முந்தியும் வேற வேற நிறமா இருக்கிற காஞ்சிபுரம் புடவையில், உடல் பாவு முடியுற இடத்தில் முந்திக்கான புதுப் பாவை இழை இழையாக் கோர்ப்பாங்க. கொஞ்ச தூரம் இரண்டு பாவும் ஒண்ணா நெய்யப்படும், அப்புறம் பழைய இழையை வெட்டி எடுப்பாங்க. அதாவது ஒரே இடத்தில் இரண்டு முனை. என் மாங்காயில் நடந்ததேதான்! நான் வெட்டினப்புறம் இரண்டாச்சு, தறியில் இரண்டாக்கிட்டு வெட்டுறாங்க.

பிட்னியை யார் முதலில் கண்டுபிடிச்சான்னு பெரியப்பாகிட்ட கேட்டேன். "நெய்யுறவன்தான்" என்றார். அவர் போட்ட நூற்றுக்கணக்கான கிராப்களிலும் எங்கேயும் அவர் பேர் கிடையாது. பேர் போடலாமேன்னு சொன்னதுக்கு, "அட்டையில ஓட்டை போடுறவன் அதையும் டிசைன்னு நெனச்சு அடிச்சிடுவான்" என்று சிரிச்சார்.

வீட்டில் பட்டுப்புடவை இருந்தா முந்தி ஆரம்பிக்கிற இடத்தைத் தடவிப் பாருங்க. பிட்னி போட்டதுன்னா கொஞ்சம் தடிப்பா ஒரு வரி விரலுக்குத் தட்டுப்படும்.