பீற்றர்கோவின் நீரூற்றுகள்: அரச உல்லாசமும் மக்கள் உழைப்பும்

அரசமாளிகைகள் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரு வகைப்படுவன. மாளிகையின் அழகில் மயங்கி, அதைக் கட்டுவித்த மன்னனின் புகழைப் பாடுவன ஒரு வகை. அது சுரண்டலின் சின்னம் என்று கூறி, அத்துடன் ஆய்வை முடித்துக்கொள்வன மற்றொரு வகை. மக்களின் உழைப்பால் எழுந்து மன்னரின் உடைமையாக விளங்கிய கலைச்செல்வத்துக்கு உரித்தாளர் யாவர் என்ற வினாவை இவ்விரு வகையினரும் எழுப்புவதில்லை. ருஷ்யாவில், பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் அமைந்துள்ள பீற்றர்கோவ் இவ்வினாவை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களமாகும்.

1700 முதல் 1721 வரை சுவீடனுடன் நிகழ்ந்த நீண்ட போரின் விளைவாக ருஷ்யா பால்டிக் கடற்கரையில் நிலைகொண்டது. அவ்வெற்றியைக் கடலோரத்திலேயே காட்சியாக்க விழைந்தார் முதலாம் பீற்றர். 1717இல் பிரான்சின் வேர்சாய் மாளிகையை நேரிற் கண்டமை அவருடைய திட்டத்தை மேலும் விரிவாக்கியது. மொன்பிளெசிர், மார்லி முதலிய சிறு மாளிகைகளும் பெரிய அரண்மனையின் முதல் வடிவமும் கீழ்ப்பூங்காவும் அவர் காலத்தில் உருப்பெற்றன. 1723இல் விழாவெடுத்து இவை திறந்துவைக்கப்பட்டன. இன்று நாம் காணும் பெரிய அரண்மனையின் விரிந்த தோற்றம், பேரரசி எலிசபெத்தின் ஆணைப்படி 1745 முதல் 1755 வரை கட்டடக்கலைஞர் றஸ்ற்ரெல்லி ஆற்றிய பணியின் பயனாகும்.

எனினும், பீற்றர்கோவின் தனிச்சிறப்பு அதன் நீரிலேயே தங்கியுள்ளது. வேர்சாயின் ஊற்றுகளுக்காகச் செய்ன் ஆற்றின் நீரை மேலேற்றுவதற்கு 14 பெருஞ்சக்கரங்கள் கொண்ட பொறியொன்று 1684இல் அமைக்கப்பட்டது. அவ்வளவு செய்தும் நீர் போதவில்லை. பீற்றர்கோவிலோ நீரிறைக்கும் பொறி எதுவும் இல்லை. 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவிலுள்ள றொப்ஷா மேட்டுநிலத்தின் ஊற்றுநீர் கால்வாய் வழியாக இறங்கி, மேற்பூங்காவின் குளங்களில் தேங்குகிறது. அங்கிருந்து குழாய்கள் வழியே பாய்ந்து, கீழ்ப்பூங்காவிற் பீறிட்டெழுகிறது. நிலத்தின் இயற்கைச் சரிவே அதனை இயக்கும் ஆற்றலாகும். 1720-1721 ஆண்டுகளில் இவ்வேலைக்குப் பொறுப்பாயிருந்தவர் வசீலி துவோல்கொவ் என்னும் ருஷ்ய நீரியற் பொறியாளர். முதலில் அரச மாளிகைக்கெனத் தேர்ந்த ஸ்த்ரேல்னாவிலும் பார்க்கப் பீற்றர்கோவ் மேம்பட்டமைக்கு இந்நீர்வசதியே முதன்மையான காரணம் எனலாம்.

ஆயினும், சரிவு தானாகக் கால்வாய் ஆகிவிடவில்லை. அதை மனிதக் கைகளே வெட்டின. படைவீரரும் கட்டாயமாகத் திரட்டப்பட்ட தொழிலாளரும் சதுப்பு நிலத்தில் மண்வெட்டியுடன் உழைத்தனர். 1724இல் நடைமுறைக்கு வந்த தலைவரி, ஆண் ஒருவருக்கு 74 கொப்பெக் வீதம் குடியானவரிடமிருந்து அறவிடப்பட்டது. படையைப் பேணுவதற்கான அச்சுமையும் அவர்தம் தலைமீதே விழுந்தது. வரலாற்று நூல்களில் மன்னரின் பெயரும் கலைஞரின் பெயரும் தனித்தனியே நிற்கின்றன. கால்வாய் வெட்டியோரோ ‘படைவீரர்’, ‘பண்ணையடிமைகள்’ என்னும் தொகைப்பெயர்களுக்குள் மறைந்துவிடுகின்றனர்.

இம்மாளிகைகள் வெறும் உல்லாசக் களங்களாக மட்டும் இருந்தவையல்ல. 1762இல் இரண்டாம் கதரீன் ஆட்சியைக் கைப்பற்றுவதற்காகப் புறப்பட்டது மொன்பிளெசிரிலிருந்தேயாகும். பதவியிழந்த அவருடைய கணவர் மூன்றாம் பீற்றர் சில நாள்களில் இறந்தது றொப்ஷாவில். நீரூற்றுகளுக்கு உயிரளித்த மேடே ஒரு மன்னருக்கு மரணக்களமாயிற்று. 1905ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாடளாவிய வேலைநிறுத்தம் புகைவண்டிகளை நிறுத்தியது. அமைச்சர்கள் நீராவிக் கப்பலிலேயே பீற்றர்கோவை அடைய நேர்ந்தது. குடியுரிமைகளையும் சட்டமன்றத்தையும் வாக்களித்த பிரகடனத்தில் இரண்டாம் நிக்கலஸ் கையொப்பமிட்டதும் இங்கேதான். தொழிலாளரின் கைகள் ஓய்ந்தவுடன் அரண்மனை தனித்துவிட்டதை இந்நிகழ்ச்சி தெளிவாக உணர்த்துகிறது.

புரட்சியின் பின்னர், 1918இல், இம்மாளிகை அரும்பொருட்காட்சியகமாகியது. 1941 செப்டெம்பரில் நாஸிப் படைகள் பீற்றர்கோவைக் கைப்பற்றின. அவை 1944 ஜனவரியில் விரட்டப்பட்டபோது பெரிய அரண்மனை எரிந்து பாழடைந்து நின்றது. பெரும் அருவியின் நடுவே நின்ற வெண்கலச் சிம்சோன் சிலையும் காணாமற் போயிருந்தது. சில சிற்பங்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டும் மண்ணிற் புதைக்கப்பட்டும் தப்பின. 1945 ஜூனிற் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1946 ஓகஸ்டில் நீரூற்றுகள் மீண்டும் எழுந்தன. பழைய புகைப்படங்களைத் துணைக்கொண்டு சிற்பி சீமனவ் ஆக்கிய புதிய சிம்சோன் 1947 செப்டெம்பரில் நிறுவப்பட்டது. அரண்மனையின் முதல் மண்டபங்கள் 1964இல் திறக்கப்பட்டன.

முற்றுகையாற் பசித்து மெலிந்த லெனின்கிராட்டில், வீடிழந்தோர் பலர் இருக்க, மன்னரின் நீரூற்றுகளுக்கு உழைப்பைச் செலவிடுதல் முறையோ என வினவலாம். வினா நியாயமானதே. அரசின் பெருமித நோக்கும் அப்பணியிற் கலந்திருந்தது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. சுவீடனின் சின்னமான சிங்கத்தின் வாயைப் பிளக்கும் சிம்சோன் 1709ஆம் ஆண்டுப் பொல்தாவா வெற்றியின் குறியீடாகவே முதலில் அமைக்கப்பட்டான். 1947இலும் அவன் ஒரு வெற்றியின் குறியீடாகவே மீண்டான். ஆனால் இரண்டாவது வெற்றிக்கு விலை கொடுத்த மக்கள், இம்முறை பார்வையாளராகவும் உரித்தாளராகவும் அவன்முன் நின்றனர். அழிக்கப்பட்டது தம்முடையது என்று அவர்கள் கருதியமையாலேயே மீட்டெடுப்பு அவர்களுக்குப் பொருளுள்ளதாயிற்று.

எனவே, பீற்றர்கோவை மன்னரின் கொடையெனப் போற்றுவதும், மன்னரின் எச்சமென ஒதுக்குவதும் ஒரே தவறின் இரு வடிவங்களாகும். இரண்டுமே அதனை மன்னருக்கே விட்டுக்கொடுக்கின்றன. றொப்ஷாக் கால்வாயில் இன்றும் நீர் ஓடுகிறது. அக்கால்வாயை வெட்டிய பெயரறியாத மனிதரிலிருந்து பீற்றர்கோவின் வரலாற்றை எழுதத் தொடங்குவதே ஆய்வாளரின் கடன்.