ஃபவுல்ஹார்ன் மலையில் தொடங்கிய புரதக் கணக்கு

கடுமையாக உழைக்கும் உடலுக்குப் புரதம் எதற்கு? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இதற்கு அசைக்க முடியாததாகத் தோன்றிய ஒரு விடை இருந்தது. தசை தன் சொந்தப் புரதத்தைச் சிதைத்தே ஆற்றல் பெறுகிறது என்று ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1842-இல் எழுதினார். அப்படியானால் உழைப்பு கூடக் கூட இறைச்சியும் கூடவேண்டும். சிதைந்த புரதத்தின் நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறுவதால், உழைப்பின் அளவும் அதிலேயே தெரிந்துவிடும். இந்த விடை தவறு. ஆனால் அதைத் தவறென்று காட்டியவர்களும் பாதி உண்மையைத்தான் பிடித்தார்கள். விளையாட்டு வீரர்களின் உணவு பற்றிய நீண்ட சச்சரவு அந்த விடுபட்ட பாதியிலிருந்தே பிறந்தது.

1865 ஆகஸ்டில் ஃபிக், விஸ்லிசேனஸ் என்ற இரு விஞ்ஞானிகள் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறினார்கள். முந்தைய நாள் நண்பகலிலிருந்தே புரதத்தை ஒதுக்கி, மாவுப் பண்டம், கொழுப்பு, சர்க்கரை கலந்த தேநீர் ஆகியவற்றை உட்கொண்டார்கள். ஏறும்போதும் ஏறிய பிறகும் கழித்த சிறுநீரைச் சேகரித்தார்கள். அதிலிருந்த நைட்ரஜனின்படி ஆளுக்குச் சுமார் 37 கிராம் புரதமே செலவாகியிருந்தது. 66 கிலோ எடையுள்ள ஃபிக் தன் உடலை 1,956 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியிருந்தார். வேதியியலாளர் ஃபிராங்க்லண்ட் புரதத்தை எரித்து அதன் வெப்பத்தை அளந்தபோது, அந்த 37 கிராம் முழுவதும் வேலையாக மாறியிருந்தாலும் ஏற்றத்தின் பாதிக்குத்தான் போதும் என்று தெரிந்தது. மீதி ஆற்றல் மாவுச்சத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வந்திருக்க வேண்டும்.

அப்படியென்றால் வீரருக்குக் கூடுதல் புரதமே வேண்டாமே என்ற வாதம் இயல்பாக எழுந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் சிட்டெண்டன் 1904-இல் அதற்கு வலு சேர்த்தார். அன்று நாளொன்றுக்கு 118 கிராம் என்பது ஏற்கப்பட்ட அளவு. ஏறத்தாழ அதில் பாதியை உண்டே அவருடைய மாணவ வீரர்கள் மாதக்கணக்கில் பயிற்சி செய்தார்கள், வலிமையும் குறையவில்லை. புறக்கணிக்க முடியாத சான்று இது. ஆனாலும் குறைந்த அளவுக்கு உடல் பழகிக்கொள்ளும் என்பதைத்தான் இது காட்டுகிறது. கடும் பயிற்சிக்குப் பின் தசை சீராகி வளர அதுவே சிறந்த அளவு என்பதைக் காட்டவில்லை. சிறுநீரின் நைட்ரஜன் உடலை விட்டுப் போனதைச் சொல்லும். உள்ளே எவ்வளவு புரதம் சிதைந்தது, எவ்வளவு புதிதாகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்லாது.

அடையாளமிட்ட அமினோ அமிலங்களை உடலில் செலுத்திப் பின்தொடரும் முறை வந்த பிறகே அந்த உள்கணக்கு தெரிந்தது. எடை தூக்கும் பயிற்சிக்குப் பின் தசையில் சிதைவும் கூடுகிறது, ஆக்கமும் கூடுகிறது. ஆக்கம் ஒரு நாளுக்கு மேலும் உயர்ந்தே இருக்கிறது. சாப்பிடாதிருந்தால் சிதைவின் கை ஓங்குகிறது, புரதம் உண்டால் ஆக்கத்தின் கை ஓங்குகிறது. நெடுந்தூர ஓட்டத்தில் புரதம் தரும் ஆற்றல் பொதுவாகச் சில சதவீதம்தான். தசை சேமித்துவைத்த மாவுச்சத்தான கிளைகோஜன் தீரும்போதுதான் அது உயர்கிறது. ஆகவே பொதுமக்களுக்கு நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 0.8 கிராம் என்றிருக்க, வீரர்களுக்கு 1.2 முதல் 2.0 கிராம் வரை பரிந்துரைப்பது நியாயமே. புரதம் கூட வேண்டும் என்பதில் லீபிக் சரி, காரணத்தில் தவறு. காரணத்தை மறுத்ததில் ஃபிக் சரி. தசையைப் புதுப்பிக்கவே புரதம் என்பதால், முதலில் மாவுச்சத்தும் கொழுப்பும் போதிய அளவு உண்ணாத வீரர் எவ்வளவு புரதம் உண்டாலும் அதில் ஒரு பங்கை எரித்தே தீர்க்கிறார்.