இரையும் வெளிச்சமும்: வன்னிக் கடலின் தூண்டில் வரலாறு

வன்னியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் குளத்தையும் வயலையும் காட்டையுமே எழுதுகின்றனர். முல்லைத்தீவு என்றால் 1803இல் பண்டாரவன்னியன் கைப்பற்றிய கோட்டை சிலருக்கு நினைவு வரும். 2009 மே மாதம் எல்லோருக்கும் நினைவு வரும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளில் அந்தக் கரையில் மக்கள் எதைக் கொண்டு வாழ்ந்தார்கள் என்ற கேள்வியைக் கேட்போர் குறைவு. அதற்கான விடையில் ஒரு சிறு பகுதி தூண்டில் முள்ளில் இருக்கிறது. அதைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன்.

வன்னிப் பெருநிலப்பரப்புக்கு இரண்டு கடல்கள் உண்டு. வவுனியாவுக்குக் கடல் இல்லை. கிளிநொச்சியின் மேற்கே பூநகரி, நாச்சிக்குடா, வலைப்பாடு, இரணைதீவு என நீள்வது ஆழம் குறைந்த பாக்கு நீரிணைப் பக்கம். அது நண்டும் இறாலும் கணவாயும் விளையும் கடல். கிழக்கே சுண்டிக்குளம் முதல் முள்ளிவாய்க்கால், அளம்பில், செம்மலை, நாயாறு கடந்து கொக்கிளாய் வரை செல்வது திறந்த வங்கக் கடல். கரையோர மணலில் கரைவலை இழுக்கலாம். களப்பில் களங்கண்ணி கட்டலாம். ஆனால் கரைக்கு அப்பால் உள்ள கற்பார்களின் மேல் வலை போட்டால் அது பாறையில் சிக்கிக் கிழியும். பார் மீனைப் பிடிக்கத் தூண்டிலே ஏற்ற கருவியாயிற்று. இதற்குக் காரணம் பழைமைப் பற்று அன்று, கடலடியின் அமைப்பு.

பாரில் வாழும் மீன்களுள் கலவாயும் விளைமீனும் முதன்மையானவை. கலவாய் துரத்திச் சென்று இரை பிடிப்பதில்லை. பொந்தின் வாயிலில் அசையாமல் நின்று, இரை அருகே வந்ததும் பெரிய வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சி விழுங்கும். முள் தைத்தவுடன் மீண்டும் பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்துக் கொள்ளும். ஆகவே முதல் இழுப்பிலேயே அதைப் பாரிலிருந்து மேலே தூக்கியாக வேண்டும். விளைமீன் நண்டையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும் இனம். இரையைச் சோதித்தே கௌவும். சீலாவின் பல் நூலை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேல் கம்பி கட்ட வேண்டும். மீனுக்கு ஒரு முள், முள்ளுக்கு ஓர் இரை என்று தெரிந்தெடுக்கும் இந்த அறிவு கைவழியாகவே கடத்தப்பட்டது.

இரைகளுள் கணவாய்த் துண்டுக்குத் தனி மதிப்பு உண்டு. அதன் சதை கெட்டியானது. சிறு மீன்கள் கொத்தினாலும் முள்ளை விட்டு எளிதில் விலகாது. சாளையும் சூடையும் மணத்தால் மீனை இழுக்கும். ஆனால் விரைவில் கரைந்துவிடும். உயிர் இரை இல்லாதபோது கோழி இறகு, வெள்ளைத் துணிக் கீற்று, மினுங்கும் தாள், வண்ண நைலோன் இழை ஆகியவற்றை முள்ளில் கட்டிப் படகின் பின்னால் இழுத்துச் செல்லும் வழக்கம் தென்னாசியக் கரைகள் பலவற்றில் இருந்தது. அறக்குளாவும் பாரையும் இவ்வாறு ஏமாறும். ஜப்பானியர் இறால் வடிவில் மரத்தைச் செதுக்கிக் கணவாயை ஏமாற்றினர். இன்று கடைகளில் விற்கும் ஈயத் துண்டும் இறப்பர் மீனும் இதே தந்திரத்தின் தொடர்ச்சிதான். ஆழம் கூடக் கூடச் சிவப்பு நிறமே முதலில் மறைகிறது. எனவே கடையில் சிவப்பாக மினுங்கும் போலி இரை, பாரின் அடியில் கருநிழலாகவே தெரியும். அங்கே மீனை ஏமாற்றுவது நிறத்தைவிட அசைவே.

இரை சரியாக இருந்தாலும் பாரைக் கண்டுபிடிக்க வேண்டும். கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து, வேறொரு திசையில் இன்னும் இரண்டை அவ்வாறே பொருத்தி, கோடுகள் வெட்டும் இடத்தில் நங்கூரமிடுவது உலகெங்கும் மீனவர் அறிந்த முறை. மலையில்லாத தட்டையான கரையில் கோயில் கோபுரம், தேவாலயக் கூரை, உயர்ந்த பனை, வெளிச்சவீடு ஆகியவையே அடையாளங்களாக முடியும். முல்லைத்தீவு வெளிச்சவீடு போரில் அழிந்தது. கரையோரத்துக் கட்டடங்களும் மரங்களும் பெருமளவில் அழிந்தன. நிலத்தில் நேர்ந்த அழிவை நாம் கணக்கெடுத்தோம். அதனோடு கடலின் வரைபடமும் அழிந்ததை எவரும் கணக்கெடுக்கவில்லை.

கருவிகளின் மாற்றத்தையும் சுருக்கமாகக் குறிக்க வேண்டும். 1920களில் 'லில்லா' என்ற இழுவைக் கப்பல், வாட்ஜ் மேடை, வடக்கே பேதுரு மேடை உள்ளிட்ட இலங்கையைச் சூழ்ந்த கடலடிகளை ஆராய்ந்தது. கடலடி மீனைப் பெருமளவில் அள்ளும் எண்ணத்துக்கு அது ஊக்கமளித்தது. 1950களுக்குப் பின் பருத்தி நூலின் இடத்தை நைலோனும் தங்கூசியும் பிடித்தன. இயந்திரப் படகுகள் வந்தன. காரைநகரில் நோர்வே உதவியுடன் இயங்கிய சீநோர், படகுகளை உருவாக்கியது. சோளகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர் கொக்கிளாய்க்கும் நாயாற்றுக்கும் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்து, வாடைக்கு முன் திரும்புவர்.

அந்த ஒழுங்கு 1984 டிசெம்பரில் முறிந்தது. மாதத் தொடக்கத்தில் கொக்கிளாய், நாயாற்று வாடிகளில் சிங்கள மீனவ மக்கள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் தமிழ்க் கிராமங்கள் வெளியேற்றப்பட்டன. அம்மக்கள் ஊர் திரும்பக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1992இல் இரணைதீவு மக்களும் வெளியேறினர். அவர்கள் மீண்டது 2018 ஏப்ரலில். 1990களின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் மின்கலமும் வன்னிக்குள் செல்வது தடைப்பட்டது. கடலுக்குச் செல்லும் நேரமும் தூரமும் கட்டுப்படுத்தப்பட்டன. இயந்திரம் ஓடாத நாட்களிலும் துடுப்பு வலித்துச் சென்று பயன்படுத்தக்கூடிய கருவி தூண்டில். 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை படகையும் வலையையும் உயிர்களையும் கொண்டு சென்றது. எஞ்சியதை 2009 கொண்டு சென்றது.

மீண்டு வந்தவர்கள் கண்டது வேறொரு கடல். இன்று மீனைக் கவர்வதற்கு இரை தேவையில்லை. இரவில் பலத்த மின்விளக்கை நீரில் பாய்ச்சினால் சிறு மீன் திரளும். அதைத் தேடிப் பெரிய மீனும் வரும். திரண்டதை முழுவதுமாக வலையால் வளைக்கலாம். மேற்குக் கரையில் மரக்கிளைகளைக் கடலடியில் இறக்கிக் குழை வைத்தால், முட்டையிட வரும் கணவாய் அங்கேயே அகப்படும். வெடி வைப்போர் பாரையே தகர்க்கின்றனர். இழுவைப் படகுகள் கடலடியைச் சுரண்டுகின்றன. இழுவைமடியைத் தடைசெய்யும் சட்டத் திருத்தம் இலங்கையில் 2017 யூலையில் நிறைவேறியது. ஆயினும் எல்லை தாண்டி வரும் தமிழக இழுவைப் படகுகள் பற்றிய முறைப்பாடு அதன் பின்னரும் ஓயவில்லை. 2018 ஓகஸ்டில் முல்லைத்தீவு மீனவர் சட்டவிரோதத் தொழில்முறைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினர். அதை இனப் பிணக்காக மட்டும் பார்த்தவர்கள் பாதியையே பார்த்தனர். மறுபாதி, இரைக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலான பிணக்கு.

தூண்டிலில் ஒரு முள்ளில் ஒரு மீன்தான் ஏறும். சிறியதாயின் விட்டுவிடலாம், முட்டைக் காலமாயின் அந்தப் பாரை விட்டு விலகலாம். கலவாய் இனங்கள் பலவும் பெண்ணாய் முதிர்ந்து, பின்னர் ஆணாய் மாறுபவை. மெதுவாக வளர்பவை. பெரியவற்றை எல்லாம் ஒரே பருவத்தில் அள்ளினால் ஆண் மீன் இல்லாத பார்தான் எஞ்சும். தூண்டில்காரனும் பேராசைப்படலாம் என்பது உண்மை. ஆனால் அவனது கருவி அவனுக்கு நிறுத்திக்கொள்ள இடம் கொடுக்கிறது.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரம் வைத்திருந்த சிறு மீனவருக்கு அந்த ஒரே நாளில் செலவு ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. அன்று வடக்கில் மீண்டும் துடுப்பும் பாயும் பேச்சுக்கு வந்தன. தடைக்காலத்தில் தொழில் செய்த தலைமுறை அதைச் சொல்லிக் கொடுக்க இன்னும் இருக்கிறது. ஆனால் அதிக காலம் இராது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டொரன்டோவிலோ இலண்டனிலோ சூரிச்சிலோ உங்கள் வீட்டில் அளம்பிலையோ செம்மலையையோ வலைப்பாட்டையோ சேர்ந்த முதியவர் ஒருவர் இருப்பின், அவர் தொழில் செய்த பார்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். எந்தக் கோபுரத்தையும் எந்தப் பனையையும் பொருத்தி அங்கே சென்றார், எந்த மாதத்தில் எந்த இரையைக் கட்டினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குளங்களின் பெயர்கள் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கின்றன. பார்களின் பெயர்கள் இவர்களின் நினைவில்தான் இருக்கின்றன.