நிரை எங்கே போனது? எக்ஸெல் மெனு மாறிய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. தவணைப் புள்ளிப் பட்டியலோடு மல்லுக்கட்டும் ஆசிரியர்களும், கடைக் கணக்கை எக்ஸெலில் போட்டு வைத்திருப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

போன தவணை முடிவில் எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு சம்பவம். பல வருடம் உழைத்த பழைய கணினி ஒருவாறாகக் கண்ணை மூட, புதியது ஒன்று வந்து சேர்ந்தது. அதில் புதிய எக்ஸெல். மூத்த ஸேர் ஒருவர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது, வழமை போலப் புள்ளி போட உட்கார்ந்தார். தவணை நடுவில் வந்து சேர்ந்த பிள்ளை ஒன்றின் பெயரை இடையில் நுழைக்க ஒரு நிரை தேவைப்பட்டது. 'இன்சேர்ட்' என்று எழுதியிருந்த இடத்தை அமத்தினார். படம் வந்தது, வரைபு வந்தது, என்னென்னவோ வந்தது. நிரையை மட்டும் காணவில்லை.

"இது நமக்குச் சரிவராது. நான் பேப்பர்ல எழுதித் தாறன், நீங்க அடிச்சிக்கிங்க" என்று எழும்பிப் போய்விட்டார்.

பழைய கணினியில் முழுப் பாடசாலைக்கும் புள்ளிப் பட்டியல் தயாரித்துத் தந்தவர் அவர். மௌஸ் பழுதான நாட்களில் கீபோர்ட்டை மட்டும் வைத்து வேலையை முடித்தவர். அவர் போன பிறகு இளையவர்கள் சிலர் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம், மறைப்பதற்கில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் இதே இடத்தில் நின்றவர்கள்தானே நாம்? அது எக்ஸெல் 2007 பரவிக்கொண்டிருந்த நேரம். கையில் இருந்த குறிப்புகள் எல்லாம் 2003க்கு உரியவை. கணினி அறையிலோ 2007. முதல் நாள் அச்செடுக்கும் கட்டளையைத் தேடியே பாடவேளை முடிந்தது. இடது மூலையில் வட்டமாக ஒரு பொத்தான் இருந்தது. அதற்குள்தான் சேமிப்பதும் அச்செடுப்பதும் இருந்தன. நாங்கள் எல்லோரும் அதைக் கம்பனியின் சின்னம் என்று நினைத்து விட்டுவிட்டோம். எங்கள் தொகுதித் தோழி ஒருவர் புதிய வடிவத்தில் சேமித்துக் கொண்டுபோன ஒப்படை, பழைய எக்ஸெல் இருந்த கணினியில் திறக்கவே இல்லை. இரண்டாம் முறை செய்து கொடுத்தார் பாவம்.

இந்த மெனு ஏன் மாறியது? அதை அறிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கணினியில் விரிதாள் என்ற ஒன்று பெருவாரியாக மக்கள் கைக்கு வந்தது 1979இல். டேன் பிரிக்ளின் ஹாவர்ட் வணிகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். விரிவுரையாளர் கரும்பலகையில் கணக்கு அட்டவணை போடுவார். ஒரு எண்ணை மாற்றினால் அதோடு தொடர்புபட்ட எல்லாவற்றையும் அழித்து அழித்து எழுத வேண்டும். கரும்பலகையோடு வாழும் நமக்கு அந்தக் கஷ்டத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பொப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் செய்ததுதான் விசிகல்க். ஆப்பிள் 2 கணினியில் ஓடியது. அதில் மௌஸ் இல்லை. சாய்கோட்டு விசையை அமத்தினால் கட்டளைகளின் முதல் எழுத்துகள் மேலே வரிசையாக வரும், வேண்டியதை அமத்த வேண்டும். மெனு என்பதே அவ்வளவுதான்.

1983இல் மிட்ச் கேபோரின் லோட்டஸ் 1-2-3 வந்தது. ஐபிஎம் கணினியை அலுவலகங்களுக்குள் கொண்டுபோனதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அதே சாய்கோட்டு விசையைத்தான் லோட்டஸும் வைத்துக்கொண்டது. ஆனால் உள்ளே 469 கட்டளைகள், 50க்கும் மேற்பட்ட மெனுக்களில். கணக்காளர்களின் விரல்கள் அந்தப் பாதைகளை மனப்பாடம் செய்துகொண்டன. கண் தாளில் இருக்கும், கை தானாகப் போகும். நம் மூத்த ஸேரைப் போல.

அந்த விரல் பழக்கத்துக்கு எவ்வளவு விலை என்பது பிறகு நீதிமன்றத்தில் தெரிந்தது. போர்லண்ட் என்ற கம்பனி தன் குவாட்ரோ புரோ மென்பொருளில் லோட்டஸின் மெனு அடுக்கை அப்படியே வைத்தது. லோட்டஸ் பழகியவர்கள் சிரமப்படாமல் வரட்டும் என்பதுதான் கணக்கு. லோட்டஸ் 1990இல் வழக்குப் போட்டது. முதல் நீதிமன்றம் லோட்டஸ் பக்கம் நின்றது. 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. மெனு அடுக்கு என்பது ஒரு கருவியை இயக்கும் முறை, வீடியோ டெக்கின் பொத்தான்களைப் போன்றது, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்றது. வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஜனவரியில் நீதியரசர்கள் நாலுக்கு நாலாகப் பிரிந்து நிற்க, மேல்முறையீட்டுத் தீர்ப்பே நிலைத்தது. அந்த மேல்முறையீட்டில் தனியாகக் கருத்து எழுதிய நீதிபதி ஒருவர் சொன்ன விடயம் எமக்குப் பிடித்தது: பழகுவதற்கு உழைத்தவர்கள் பாவனையாளர்கள், அந்த உழைப்பை வைத்து லோட்டஸ் அவர்களைக் கட்டிப்போடலாமா?

மைக்ரோசொப்டும் இந்தப் பழக்கத்தை மதித்துத்தான் வளர்ந்தது. எக்ஸெல் 1985இல் மெக்கின்டோஷ் கணினிக்கும், 1987இல் விண்டோஸுக்கும் வந்தது. லோட்டஸ்காரர்களை இழுக்க வேண்டுமே. ஆகவே அவர்களுக்கென்றே உதவிப் பகுதி ஒன்றை வைத்தார்கள். சாய்கோட்டு விசையை அமத்தினால் மெனு உயிர்க்கும்படி செய்தார்கள். இன்றைய எக்ஸெலிலும் வெற்றுக் கலத்தில் நின்று சாய்கோட்டை அமத்திப் பாருங்கள், மேலே எழுத்துகள் தோன்றும். 1979இன் மிச்சம் அது. இன்னொரு வேடிக்கை: 1900ஆம் ஆண்டு லீப் வருடம் அல்ல. ஆனால் ஒரு கலத்தில் 60 என்று அடித்து அதைத் திகதியாக மாற்றினால் 1900 பெப்ரவரி 29 என்று காட்டும். லோட்டஸில் இருந்த பிழை அது. கோப்புகள் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் பிழையையும் தூக்கி வந்தார்கள்! எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் வகுப்பே குதூகலமாகிவிடும்.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் 2007இல் ஏன் எல்லாவற்றையும் பிரட்டினார்கள்?

இடம் போதவில்லை என்பதுதான் காரணம். முதலாவது விண்டோஸ் வேர்டில் ஏறத்தாழ 100 கட்டளைகள், 2 கருவிப்பட்டைகள். வேர்ட் 2003இல் 1500க்கும் மேற்பட்ட கட்டளைகள், 31 கருவிப்பட்டைகள். எக்ஸெலும் அப்படித்தான் வீங்கியிருந்தது. ஒபிஸ் 2000இல் அடிக்கடி பாவிக்காதவற்றை மெனுவே ஒளித்துக்கொள்ளும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அது இன்னும் மோசம். நேற்று இருந்தது இன்று இருக்காது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் வசதிகளையே மக்கள் புதிதாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

ஜூலி லார்சன் கிரீன் தலைமையிலான குழு, பாவனையாளர்களின் சம்மதத்தோடு திரட்டிய தரவுகளைப் பார்த்தது. எந்தக் கட்டளை எத்தனை தரம், எதற்குப் பின் எது என்று. வேர்டில் அதிகம் பாவிக்கப்பட்டது ஒட்டும் கட்டளையாம். அதை வைத்து, பெயரால் அல்ல, வேலையால் கட்டளைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார்கள். அதுதான் ரிப்பன். நிரை சேர்ப்பது அன்றாட வேலை என்பதால் 'ஹோம்' என்ற முதல் தாவலுக்குப் போனது. 'இன்சேர்ட்' என்ற பெயரோ படத்துக்கும் வரைபுக்கும் போய்விட்டது. ஸேர் தடுமாறிய இடம் இதுதான். பெயர் அதே பெயர், வீட்டில் இருப்பவர்கள் வேறு ஆட்கள்.

அதே பதிப்பில் 65,536 நிரைகள் 1,048,576 ஆகவும், 256 நிரல்கள் 16,384 ஆகவும் கூடின. அதை யாரும் குறை சொல்லவில்லை. குறை முழுவதும் மெனுவைப் பற்றித்தான். பழைய மெனுவுக்குத் திரும்பும் வழியை அவர்கள் வைக்கவில்லை. வைத்திருந்தால் யாரும் புதியதைப் பழகியிருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது ரிப்பன் இலகு என்பதையும் நாம் அனுபவத்தில் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பத்து, பதினைந்து வருடம் பழகியவர் ஒரே இரவில் புதியவரோடு சமமாக நிறுத்தப்பட்டார். அந்த இழப்பைத் தரவுகள் எண்ணவில்லை என்றே எமக்குப் படுகிறது. வட்டப் பொத்தான் விடயத்தில் மட்டும் இறங்கி வந்தார்கள். 2010 பதிப்பில் 'ஃபைல்' என்ற எழுத்து திரும்பி வந்தது. லிப்ரே ஒபிஸ் பழைய மெனுவையும் வைத்துக்கொண்டு, 2019இல் ரிப்பன் போன்ற தோற்றத்தையும் விரும்பியவர் தெரிவுசெய்யும்படி முறையாகச் சேர்த்தது. அதுவே நல்ல வழி என்பது எம் அபிப்பிராயம்.

ஆனால் மைக்ரோசொப்டும் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது, சொல்லாமல். 2003 மெனுக்களின் கீபோர்ட் பாதைகள் பெரும்பாலானவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. எழுத்துகளுக்குக் கீழே இருந்த கோடுகள்தான் மறைந்தன, பாதை மறையவில்லை.

போன திங்கட்கிழமை இடைவேளையில் ஸேரைக் கூப்பிட்டோம். வர மனமில்லாமல்தான் வந்து உட்கார்ந்தார். "ஸேர், முந்தி நிரை போட என்னத்த அமத்துவீங்க?" என்று கேட்டோம். "ஆல்ட், ஐ, ஆர். அதெல்லாம் இப்ப எங்க?" என்றார். "சும்மா அமத்துங்களேன்" என்றோம்.

ஆல்ட், பிறகு ஐ. திரையில் சின்னப் பெட்டி ஒன்று தோன்றி, பழைய பதிப்பின் விசைகளைத் தொடர்ந்து அமத்தும்படி சொன்னது. ஸேர் கண்ணாடியைச் சரிசெய்து அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு ஆரை அமத்தினார். நிரை வந்து உட்கார்ந்தது.

ஒன்றும் பேசவில்லை. அந்தப் பிள்ளையின் பெயரை அடித்தார். அடுத்த பிள்ளையின் புள்ளிக் கடதாசியை எங்களிடமிருந்து வாங்கிக்கொண்டார்.