பழத்தோலிலிருந்து அழகுசாதன மூலப்பொருள்கள்: பயனும் பாதுகாப்பும்

சாறு பிழிந்தபின் ஆரஞ்சுப் பழத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி, தோலும் சக்கையுமாக எஞ்சுகிறது. இக்கழிவிலிருந்து அழகுசாதனப் பொருள்களுக்கான மூலப்பொருள்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. ஆனால், அவ்வாறு பிரித்துத் தூய்மைப்படுத்தப்பட்ட பொருளும், வீட்டில் அரைத்துப் பூசும் பழத்தோலும் ஒன்றல்ல.

தோலில் உள்ளவை யாவை?

நிறமுள்ள மேற்பகுதியில் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் உள்ளன. ஆரஞ்சுத்தோல் எண்ணெயில் 90 விழுக்காட்டிற்கும் மேல் லிமோனீன் என்னும் நறுமணப் பொருளாகும். உட்புற வெண்பகுதியில் களிம்புகளைக் கெட்டிப்படுத்தும் பெக்டினும், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஹெஸ்பெரிடினும் உள்ளன.

எவ்வாறு பிரித்தெடுக்கப்படுகின்றன?

எண்ணெய், தோலை அழுத்திப் பிழிந்தோ நீராவியால் வடித்தோ பெறப்படுகிறது. பெக்டின், அமிலம் கலந்த வெந்நீரில் கரைக்கப்பட்டு, ஆல்கஹால் சேர்த்துப் படியவைக்கப்படுகிறது.

பிரித்தெடுக்கும் முறையைப் பொறுத்துப் பாதுகாப்பும் மாறுபடுகிறது. எலுமிச்சை வகைத் தோல்களில் ஃபியூரனோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள் உள்ளன. இவை எளிதில் ஆவியாவதில்லை. எனவே வடித்த எண்ணெயில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. பிழிந்த எண்ணெயிலும் பச்சைத் தோலிலும் தங்கிவிடுகின்றன.

நேரடியாகப் பூசினால் என்ன நேரும்?

எலுமிச்சைத் தோலைத் தேய்த்த இடத்தில் வெயில் பட்டால், ஃபியூரனோகூமரின்கள் புற ஊதாக் கதிர்களுடன் சேர்ந்து சருமத்தைப் புண்ணாக்கலாம். சிவப்பும் எரிச்சலும் பொதுவாக 24 மணி நேரத்திற்குப் பின் தொடங்கி, 2 அல்லது 3 நாள்களில் கடுமையாகும், கொப்புளங்களும் தோன்றலாம். பின்னர் ஏற்படும் கருமை பல வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் நீடிக்கும். நிறம் கூடுவதற்காகப் பூசியவருக்கு முகம் கறுத்துப்போவது இவ்வாறே.

லிமோனீன் காற்றுபட்டு நாள்பட மாற்றமடைந்து, ஒவ்வாமையைத் தூண்டலாம். எனவே பழைய எண்ணெயைச் சருமத்தில் பயன்படுத்தாதீர்கள்.

கவனிக்க வேண்டியவை

• எலுமிச்சைத் தோலையோ சாற்றையோ முகத்தில் தேய்க்காதீர்கள். கையில் பட்டால், வெயிலில் செல்லுமுன் சோப்பு நீரால் கழுவுங்கள்.
• செறிவான தோல் எண்ணெயை நேரடியாகப் பூசாதீர்கள்.
• அழகுசாதனப் பொருளின் மேலுறையில் உற்பத்தி உரிம எண், தொகுதி எண், உட்பொருள்கள், காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்த்து வாங்குங்கள்.
• எரிச்சல் தோன்றினால் குளிர்ந்த நீரால் கழுவி, அவ்விடத்தில் வெயில் படாமல் காத்துக்கொள்ளுங்கள்.

கொப்புளம், கண்ணருகே வீக்கம், சீழ், காய்ச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனையை உடனே அணுகுங்கள். கொப்புளத்தை உடைக்கவோ, அதன்மேல் வேறு பூச்சுகளைத் தடவவோ வேண்டாம். சருமத்தில் எதைப் பூசினீர்கள், எப்போது வெயிலில் சென்றீர்கள் என்பவற்றை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.