கதியாலும் வேர்த்தூளும்



வெட்டிய தடியை வேர்விட வைப்பது பூங்கன்றுக் கடைக்காரரின் வித்தை என்று இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் நினைக்கிறார்கள். யாழ்ப்பாணத்து வளவுகளைச் சுற்றி நின்ற வேலியே அந்த வித்தைதான் என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

வேலிக்கு நட்டு வேர்விடும் தடியைக் கதியால் என்போம். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பின்னாளில் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கிளுவை எல்லாம் இதற்கு உகந்தவை. விதை தேவையில்லை, மாரி மழையோடு நட்டால் போதும். அந்த வேலியின் குழை ஆட்டுக்குத் தீனி. பூவரசங்குழை தோட்டத்துக்குப் பசளை. கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டதென்று நீதிமன்றப் படி ஏறிய குடும்பங்களும் உண்டு. வளவின் எல்லைக்குச் சாட்சி அதுதானே!

எங்கள் அப்பு மூன்று விடயங்களில் கண்டிப்பானவர். தடியைத் தலைகீழாக நடக்கூடாது. வெட்டிய நுனியில் சாணி அப்பவேண்டும். நட்டதை ஆட்டிப் பார்க்கக்கூடாது. ஏனென்று கேட்டால், "அது அப்பிடித்தான் மோனை" என்பார்.

காரணத்தை விஞ்ஞானம் இருபதாம் நூற்றாண்டில்தான் விளக்கியது. 1928இல் ஒல்லாந்தரான பிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளையின் நுனியிலிருந்து வளர்ச்சிப் பொருள் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். அதற்கு ஆக்சின் என்று பெயர். மொட்டுகளிலும் இளம் இலைகளிலும் உருவாகி, தடியின் அடியை நோக்கி இறங்கி, வெட்டுவாயில் சேர்ந்து வேரைத் தூண்டுகிறது. தலைகீழாக நட்டாலும் அது பழைய அடிக்குத்தான் போகும். 1935இல் அமெரிக்காவில் சிம்மர்மன், வில்காக்சன் என்ற இருவர் இண்டோல் பியூட்டிரிக் அமிலமும் வேரைத் தூண்டுவதைக் கண்டார்கள். இன்று கடைகளில் விற்கும் வேர்த்தூள் பலவற்றில் இருப்பது அதுவே. அப்புவின் சாணி, தடியின் ஈரத்தைக் காத்தது. ஆட்டினால் அறுவது மயிர்போன்ற இளவேர்.

இந்தக் குளிர்நாட்டிலும் செவ்வரத்தையை இப்படி வளர்க்கலாம். ஆறு அங்குலத் தடியைக் கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். மேலிரண்டு இலைகளை விட்டு மற்றவற்றைக் கிள்ளுங்கள். மணல் கலந்த மண்ணில் நட்டு, தெளிவான பொலித்தீன் பையால் மூடி, கடும் வெயில் படாத யன்னலோரம் வையுங்கள். வேர்விடச் சில கிழமைகள் எடுக்கும். பை ஈரத்தைப் பிடித்துவைக்கும். மூடிய கண்ணாடிக்குள் செடி வாழும் என்பதை 1829 அளவில் லண்டன் வைத்தியர் நதானியேல் வார்ட் கவனித்தார். அவருடைய கண்ணாடிப் பெட்டிகளில்தான் 1876இல் றப்பர் கன்றுகள் கியூ தோட்டத்திலிருந்து இலங்கைக்குக் கப்பலேறின.

ஊரில் போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வேலிகளைத் தின்றுவிட்டன. திரும்பிப் போனவர்கள் பலர் கல்மதில் கட்டினார்கள். கதியால் என்ற சொல்லே அருகி வருகிறது. ஆனால் கதியால் நட்ட கைகள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. வருகிற வசந்தத்தில் பிள்ளையிடம் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, அப்பப்பாவுக்கோ அம்மம்மாவுக்கோ பக்கத்தில் இருத்துங்கள். வேலையோடு அந்தச் சொல்லையும் அவர்களே சொல்லிக்கொடுக்கட்டும்.