சிறுவணிகக் குறுங்காணொளி: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலிருந்து ஒரு வரலாறு

சிறுவணிகக் குறுங்காணொளி என்பது கடைக்காரரோ கைவினைஞரோ தம் பொருளையும் தொழிலையும் கைபேசியில் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் வெளியிடும் மிகச் சிறிய காணொளி. சில வினாடிகளிலிருந்து மூன்று நிமிடம் வரை ஓடும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகியவை இதன் முதன்மையான இடங்கள். தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இவ்வழக்கம் 2018-ஐ ஒட்டிப் பரவத் தொடங்கியது. 2020-ல் டிக்டாக் செயலி தடைசெய்யப்பட்ட பிறகு இன்றைய வடிவத்தை அடைந்தது.

இதை இளைஞர்களின் பொழுதுபோக்காக மட்டும் பார்ப்பது போதாது. பெருநகரக் கடைகளின் விளம்பரங்களை மட்டுமே திரையில் கண்ட ஊர்களுக்கு, தம் கடையையும் அதே திரையில் காட்டும் வாய்ப்பை இது தந்தது. ஆனால் அத்திரை கடைக்காரருக்குச் சொந்தமாகவில்லை. இதன் வரலாறு இவ்விரண்டு உண்மைகளையும் சேர்த்தே காட்டுகிறது.

இரு ஊர்களும் அவற்றின் வணிகமும்

விழுப்புரமும் திண்டிவனமும் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. விழுப்புரம் முக்கியமான ரயில் சந்திப்பும் ஆகும். 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டு விழுப்புரம் மாவட்டம் உருவானது. 2019-ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது.

இவ்வட்டாரத்தில் தொழில்களுக்குக் குறைவில்லை. சிறுவந்தாட்டில் பட்டு நெசவு நடக்கிறது. அய்யூர் அகரம், அய்யங்கோவில்பட்டு ஆகிய ஊர்களில் விநாயகர் சிலைகள் செய்யப்படுகின்றன. நரசிங்கனூர், பூரிகுடிசைப் பகுதியில் பனையேற்றம் உள்ளது. மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. திண்டிவனத்தைச் சுற்றிய மானாவாரி நிலங்கள் மணிலாவுக்குப் பெயர்பெற்றவை. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் அங்கே உண்டு.

இருந்தும் இவை நெடுஞ்சாலையில் கடந்துபோகும் ஊர்களாகவே பலருக்கும் அறிமுகமாயின. நகைக்கும் முகூர்த்தப் புடவைக்கும் சென்னை, காஞ்சிபுரம், புதுச்சேரி என்று வெளியூர் போகிற பழக்கம் உள்ளூரிலேயே இருந்தது. உள்ளூர்ப் பொருளைப் பற்றிய செய்தி வெளியே போவதற்கு வழி குறைவு. வெளியூர்க் கடையின் விளம்பரமோ வீட்டுக்குள்ளேயே வந்தது.

திரைக்கு முன்னும் திரையிலும்

சிறுநகர விளம்பரத்தின் பழைய வடிவங்கள் தண்டோரா, துண்டு நோட்டீஸ், சுவர் எழுத்து, ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஆகியவை. இவற்றுக்குப் பிறகு சேர்ந்தது சினிமா. பொருளை விற்க ஓடும் படத்தைப் பயன்படுத்தும் எண்ணம் சினிமா பிறந்த உடனேயே வந்துவிட்டது. 1896-ல் சுவிட்சர்லாந்தில் சன்லைட் சோப்பின் முகவராக இருந்த லவான்சி கிளார்க், பெண்கள் துணி துவைக்கும் காட்சி ஒன்றில் சோப்புப் பெட்டிகளும் தெரியும்படி படமெடுத்தார். அது ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சினிமாவைக் கொண்டுசென்ற முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட். 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பின்னர் டூரிங் டாக்கீஸ்கள் பெருகின. அவற்றின் இடைவேளையில்தான் உள்ளூர்க் கடை முதன்முதலாகத் திரையேறியது. கண்ணாடித் தகட்டில் கடையின் பெயரும் தெருவும் எழுதிய ஸ்லைடு சில வினாடிகள் தெரிந்து மறையும். அது அசையாது, பேசாது. அந்தக் கொட்டகைக்கு வந்தவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்க முடியாது. ஆனால் ஒரு ஜவுளிக்கடைக்கோ பாத்திரக்கடைக்கோ கட்டுப்படியாகும் செலவில் அமைந்தது.

அடுத்து வந்த ஊடகங்களில் அந்த வாய்ப்பு சுருங்கியது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு தமிழ்நாட்டில் பெரிதும் கேட்கப்பட்டது. 1967-ல் இந்தியாவில் விவித் பாரதியிலும் விளம்பரம் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. தூர்தர்ஷன் 1976 முதல் விளம்பரங்களை ஏற்றது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. இவற்றில் நேரம் வினாடிக் கணக்கில் விற்கப்பட்டது. மாநிலம் முழுவதும் கிளை வைத்தவருக்கு அந்த விலை பொருந்தும். திண்டிவனத்தில் ஒரே கடை வைத்திருப்பவருக்குப் பொருந்தாது.

அந்தக் காலத்திலேயே பின்னாளுக்குப் பாதை போட்ட ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. 1978-ல் தொடங்கப்பட்ட வசந்த் அண்டு கோ நிறுவனத்தின் விளம்பரங்களில் உரிமையாளர் எச். வசந்தகுமாரின் சிரித்த முகமே அடையாளமாயிற்று. பிறகு சரவணா ஸ்டோர்ஸ் லெஜண்ட் சரவணன் நடிகைகளுடன் தம் கடை விளம்பரத்தில் தோன்றினார். கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் முகமும் கடையும் மக்கள் மனத்தில் பதிந்தன. கடைக்காரரே தம் கடைக்கு விளம்பர முகமாகலாம் என்ற எண்ணத்தைத் தமிழ்ப் பார்வையாளர்கள் ஏற்றுக்கொண்டது இவ்வகை விளம்பரங்களால்தான்.

1990-களில் பரவிய உள்ளூர் கேபிள் டிவி சிறுகடைகளுக்கு மீண்டும் இடம் தந்தது. படத்தின் அடியில் ஓடும் எழுத்தாகவோ, கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் எடுத்துத் தந்த சிறு படமாகவோ விளம்பரங்கள் வந்தன. இன்றைய குறுங்காணொளிக்கு நேர் முன்னோடி இதுவே. டிஷ் ஆன்டெனாவும் கைபேசியும் பெருகியபோது உள்ளூர்ச் சேனல்களைப் பார்ப்போர் குறைந்தனர்.

கைபேசித் திரை

யூடியூபில் 2005 ஏப்ரல் 23 அன்று ஏற்றப்பட்ட முதல் காணொளியே 19 வினாடிதான். 2013-ல் வந்த வைன் என்ற செயலி ஆறு வினாடிக் காணொளியைப் பழக்கியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இது சாத்தியமானதற்குக் காரணம் இணையச் செலவு குறைந்ததே. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் தரவின் விலை சரிந்தது. அதே ஆண்டில் யுபிஐ பணப்பரிமாற்றம் அறிமுகமானது. 2017 பிப்ரவரியில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், 2018 ஜனவரியில் வாட்ஸ்அப் பிசினஸ் என அடுத்தடுத்து வந்தன. பொருளைக் காட்டவும், விலை பேசவும், பணம் வாங்கவும் ஒரே கைபேசி போதுமானது.

2018 ஆகஸ்டில் மியூசிக்கலி செயலி டிக்டாக்குடன் இணைக்கப்பட்டது. தொழில்முறைக் கருவிகளோ படத்தொகுப்புப் பயிற்சியோ இல்லாதவரும் படமெடுத்துப் பாட்டுச் சேர்த்து வெளியிட முடிந்தது. அதே ஆண்டு புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தினர் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினர். வயல்வெளிச் சமையலைக் காட்டிய அது, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைப் பெற்ற முதல் தமிழ் யூடியூப் சேனலானது. அதன் காணொளிகள் குறுங்காணொளிகள் அல்ல. எனினும் பெருநகரத்தில் இருந்தால்தான் பார்ப்பார்கள் என்ற எண்ணத்தை அது உடைத்தது.

இரண்டு தடைகள்

2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் செயலியைத் தடைசெய்ய இடைக்கால உத்தரவிட்டது. குழந்தைகளின் பாதுகாப்பும் ஆபாசக் காட்சிகளும் வழக்கின் மையமாக இருந்தன. ஏப்ரல் நடுவில் கூகுள், ஆப்பிள் தளங்களிலிருந்து செயலி நீக்கப்பட்டது. ஏப்ரல் 24 அன்று நிபந்தனைகளுடன் தடை விலக்கப்பட்டது.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது. அவற்றுள் டிக்டாக்கும் ஒன்று. எல்லை மோதலைத் தொடர்ந்து வந்த இத்தடை விலக்கப்படவில்லை. இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் பயன்படுத்திய செயலி ஓரிரு நாளில் இல்லாமல் போனது. கொரோனா ஊரடங்கில் கடைகள் தத்தளித்த காலம் அது. பின்தொடர்வோரை அங்கு மட்டுமே சேர்த்து வைத்திருந்தவர்கள் பட்டியலோடு அவர்களை இழந்தனர். வாடிக்கையாளரின் கைபேசி எண்ணைத் தனியே வைத்திருந்தவர்களுக்கு இழப்பு குறைவு.

காலியான இடத்துக்கு மோஜ், ஜோஷ் முதலிய இந்தியச் செயலிகள் போட்டியிட்டன. 2020 ஜூலை 8 அன்று இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் 15 வினாடி அளவோடு யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் அறிமுகமாயின. ஷார்ட்ஸின் நீளம் 2024 அக்டோபரில் மூன்று நிமிடமாக நீட்டிக்கப்பட்டது.

தொடங்கும் முறை

சிறுவணிகர் தொடங்குவதற்குக் கைபேசி, ஜன்னல் வெளிச்சம், இரைச்சல் இல்லாத நேரம் ஆகியவை போதும். கைபேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுக்கப்படுகிறது. ஒரு காணொளிக்கு ஒரு செய்தி என்பது பயனுள்ள வரம்பு. பார்ப்பவர் விரலால் தள்ளிவிடும் முன் முதல் மூன்று வினாடிக்குள் பொருள் தெரிய வேண்டும். 'வணக்கம், எங்கள் கடைக்கு வரவேற்கிறோம்' என்ற நீண்ட முன்னுரை அந்த மூன்று வினாடியையும் தின்றுவிடும்.

தொழில் நடப்பதைக் காட்டுவது, பொருளை அடுக்கிக் காட்டுவதைவிடப் பொதுவாக அதிகம் ஈர்க்கிறது. செக்கிலிருந்து மணிலா எண்ணெய் வடிவது, தறியில் ஜரிகை விழுவது, சிலையின் கண்ணுக்கு வண்ணம் தீட்டுவது, பதநீர் காய்ந்து பாகாவது ஆகியவை நடிப்பு வேண்டாத காட்சிகள். இவ்வட்டாரத் தொழில்கள் பலவும் இப்படிப்பட்டவை என்பது அவற்றுக்கு இயல்பாக அமைந்த அனுகூலம். கூச்சமுள்ளவர் முகத்தைக் காட்டாமல் கைகளை மட்டும் காட்டிப் பின்குரல் கொடுக்கலாம். உள்ளூர்ப் பேச்சு நடையே போதும்.

பலர் விட்டுவிடும் செய்தி ஊரின் பெயர். காணொளி கோயம்புத்தூரிலோ துபாயிலோ ஓடி ஆயிரக்கணக்கானோர் பார்த்தாலும், விழுப்புரத்துக் கடைக்கு வருபவர் பத்துப் பேராக இருக்கலாம். எனவே ஊர், தெரு, அருகிலுள்ள அடையாளம், விலை, தொடர்பு எண் ஆகியவை எழுத்தில் தெரிவது அவசியம். அனுப்பக்கூடிய பொருளா, நேரில் வந்தே வாங்க வேண்டிய பொருளா என்பதையும் சொல்ல வேண்டும். விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி போன்ற பருவ விற்பனைக்குப் பண்டிகைக்குச் சில வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

விதிகள்

திரைப்படப் பாடல்களைத் தனிநபர் கணக்கில் சேர்ப்பது போல வணிகக் கணக்கில் சேர்க்க முடியாது. பாடலுக்குப் பதிப்புரிமை உண்டு. இன்ஸ்டாகிராம் வணிகக் கணக்குகளுக்கு வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதிபெற்ற இசைத் தொகுப்பையே தருகிறது. பிறரைக் கொண்டு கட்டணம் கொடுத்தோ இலவசப் பொருள் கொடுத்தோ காணொளி எடுத்தால் அது விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். இந்திய விளம்பரத் தரக் குழு 2021-லும், மத்திய நுகர்வோர் நலத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கான வழிகாட்டல்களை வெளியிட்டன. பொய்யான உரிமைகோரலுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருந்தும். வாடிக்கையாளரைப் படமெடுக்கும் முன் அவர் சம்மதத்தைக் கேட்பது முறை.

மதிப்பீடு

கொட்டகை ஸ்லைடில் இருந்து ஷார்ட்ஸ் வரை, திரை எப்போதும் வேறொருவருடையதாகவே இருந்து வந்துள்ளது. கொட்டகைக்காரருக்கும் கேபிள்காரருக்கும் கொடுத்தது பணம். இன்றைய தளங்களுக்குக் கொடுப்பது உழைப்பும் பார்வையாளரின் கவனமும். பழைய கேபிள்காரரை நேரில் போய்க் கேட்கலாம். எந்தக் காணொளி யாருக்குக் காட்டப்படும் என்பதைத் தீர்மானிக்கும் கணிமுறையைக் கேட்க இயலாது. 2025 ஜனவரியில் அமெரிக்காவிலும் டிக்டாக் சில மணி நேரம் நின்றுபோனது, இந்த நிச்சயமின்மை இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டியது.

ஆகவே பார்வை எண்ணிக்கையை விடக் கடைக்கு வந்த அழைப்புகளின் எண்ணிக்கையே சிறுவணிகருக்குச் சரியான அளவுகோல். ஒரே காணொளியை இரண்டு மூன்று தளங்களில் இடுவதும், மூலப் பதிவைக் கைபேசியில் சேமிப்பதும், வாங்கியவரின் எண்ணை அவர் இசைவோடு குறித்து வைப்பதும் 2020 தந்த பாடங்கள். செயலி மாறினாலும் அந்த நோட்டு கடையிலேயே இருக்கும்.